முத்துக்கரை வரலாறு – 17: வக்கீல் வீட்டுத் தபால்

ரூ. 347-12-0. முந்நூற்று நாற்பத்தேழு ரூபாய், பன்னிரண்டு அணா. பை இல்லை.

1916ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னையில் குடியிருந்த ஒருவர் கைக்கு இந்தத் தொகை வந்து சேர்ந்தது. தொழிலுக்கு வக்கீல். ஆனால் அப்போது அவரிடம் சன்னது (வக்கீல் உரிமம்) கிடையாது, சர்க்கார் பறித்துவிட்டது. பணத்தை அனுப்பியவர் அகமதாபாத் பக்கம் கொச்சரபில் ஆசிரமம் தொடங்கி ஓராண்டுகூட நிறையாத மோ.க. காந்தி. பணம் காந்தியுடையது இல்லை. ஒட்டப்பிடாரம் வ.உ. சிதம்பரம் பிள்ளையின் குடும்பத்துக்கென்று தென்னாப்பிரிக்காவில் இருந்த நம் மக்கள் திரட்டிக் கொடுத்தது.

இத்தொடரை விடாமல் படித்து வருகிறவர்களுக்கு அந்த எண்ணைக் கண்டதும் இன்னொரு கணக்கு நினைவுக்கு வரும். சுதேசிக் கப்பல் கம்பெனி 1906 அக்டோபர் 16இல் பதிவானபோது அதன் மூலதனம் 10 லட்சம் ரூபாய்; பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். அந்த விலைக்குப் பதினான்கு பங்கு வாங்க 350 ரூபாய் வேண்டும். கம்பெனியை எழுப்பியவருக்குப் பத்தாண்டு கழித்து வந்த தொகையில் பதினான்காவது பங்குக்கு இரண்டே கால் ரூபாய் குறைகிறது.

சென்ற இதழில் கோரல் மில் வேலைநிறுத்தம், 1908 மார்ச் 12 கைது, மறுநாள் திருநெல்வேலி எரிந்தது எல்லாம் பார்த்தோம். வரிசைப்படி இந்த இதழில் வழக்கு விசாரணை வர வேண்டும். அதைப் பலரும் விரிவாக எழுதிவிட்டார்கள். நான் இரண்டு பத்தியில் முடித்துக்கொள்ளப் போகிறேன். எனக்குச் சொல்ல வேண்டியது அந்த வீட்டுத் தபாலைப் பற்றி. செக்கிழுத்த செம்மல் என்று மேடையில் கண்ணீர் விட்டுவிட்டு நாம் மறந்துபோன ஓர் ஆள் அந்தக் கடிதங்களில் இருக்கிறார். கணக்குப் பார்க்கிறவர், தேதி போடுகிறவர், தன் குடும்பத்துக்கு வர வேண்டியதைக் கூச்சமில்லாமல் கேட்டு வாங்குகிறவர். சுருக்கமாகச் சொன்னால், ஒரு வக்கீல்.

அதற்கு முன் தபாலும் துறைமுகமும் பற்றிக் கொஞ்சம். 1876இல் மணியாச்சியிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் வந்த பிறகு, சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகிற பயணிகளும் தபால் பைகளும் இந்த ஊர் வழியாகத்தான் போனார்கள். ‘போட் மெயில்’ என்ற ரயில் பெயரே அதில் வந்தது. ரயிலை விட்டு இறங்கியதும் கப்பலில் கால் வைத்துவிட முடியாது. தூத்துக்குடிக் கடல் ஆழமில்லாதது. நீராவிக் கப்பல்கள் கரையிலிருந்து சில மைல் தள்ளித்தான் நங்கூரம் பாய்ச்சும். ஆளும் மூட்டையும் தபால் பையும் படகேறி, அலையில் ஆடிக்கொண்டே போய், அங்கே கப்பல் ஏற வேண்டும். முத்துச் சிப்பிப் பார்களைத் தலைமுறை தலைமுறையாக அறிந்த கடலோர மக்களின் கைகள்தான் இந்தப் படகு வேலையையும் செய்தன.

இந்தப் பாதையை ஆண்ட பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் பிறப்பே ஒரு தபால் ஒப்பந்தத்தில்தான். 1856இல் வில்லியம் மெக்கின்னன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் கல்கத்தாவுக்கும் ரங்கூனுக்கும் இடையே அரசாங்கத் தபாலைச் சுமக்கும் குத்தகையை நம்பிக் கம்பெனி தொடங்கினார். பிறகு அது பெருத்துக் கிழக்குக் கடல் முழுவதும் பரவியது. சர்க்கார் கடிதத்தைச் சுமந்து வளர்ந்த கம்பெனியை எதிர்த்து ஓர் இரண்டாந்தர பிளீடர் கப்பல் விட்டார் என்றால், அது வியாபாரப் போட்டியாக மட்டும் எப்படி இருந்திருக்க முடியும்? ஆங்கிலக் கம்பெனி கொழும்புக் கட்டணத்தை ஒரு ரூபாய்க்கு இறக்கியதும், சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு இறங்கியதும், பிறகு அவர்கள் இலவசமாகவே ஏற்றிக் குடையும் கொடுத்ததாகச் சொல்லப்படுவதும் முன்பே எழுதியாயிற்று.

வ.உ.சி.யின் வீடு வக்கீல் வீடுதான். தந்தை உலகநாத பிள்ளை ஒட்டப்பிடாரத்தில் பெயர் பெற்ற வக்கீல். தாய் பரமாயி அம்மாள். 1872 செப்டம்பர் 5இல் பிறந்த மூத்த பிள்ளை சிதம்பரம் தாலுகா ஆபீசில் சில நாள் குமாஸ்தாவாக இருந்து பார்த்துவிட்டு, திருச்சிராப்பள்ளிக்குப் போய்ச் சட்டம் படித்து, பிளீடர் பரீட்சை தேறி, 1895இல் சொந்த ஊரிலேயே தொழிலைத் தொடங்கினார். தந்தைக்கும் மகனுக்கும் ஒரே கோர்ட்டு வாசல், போக்கு வேறு. மகன் கிரிமினல் வழக்குகளில் ஏழைகளுக்காக நிற்பார், போலீஸாரோடு முட்டிக்கொள்வார். பகை முற்றவே தந்தை அவரைத் தூத்துக்குடிக்குப் போகச் சொன்னார். அது 1900.

முதல் மனைவி வள்ளியம்மாளைப் பற்றி வ.உ.சி. தன் சுயசரிதையில் உருகி எழுதியிருக்கிறார். கண் பார்வையற்ற இராமையா தேசிகர் என்ற துறவியை வீட்டில் வைத்துச் சோறு போட்டதற்கு ஊரில் சாதிப் பேச்சு கிளம்பியது. அந்த அம்மாள் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் பரிமாறினார். அவர் இளம் வயதிலேயே காலமானார். பிறகு வந்தவர் மீனாட்சி அம்மாள். நம் கதையில் வரும் தபாலெல்லாம் இவர் காலத்தது. மூத்த மகனுக்கு, திருநெல்வேலிப் பக்கத்து வழக்கப்படி, தாத்தா பெயரான உலகநாதன் என்றே பெயர்.

முதலில் கப்பல் வாடகைக்குத்தான் எடுத்தார்கள். வாடகைக்குக் கொடுத்தவர்கள் ஆங்கிலக் கம்பெனியின் நெருக்கலுக்குப் பயந்து பின்வாங்கியதும், சொந்தக் கப்பல் வாங்கியே தீருவது என்று வ.உ.சி. பம்பாய்க்குக் கிளம்பினார். கப்பலோடு திரும்புவேன், இல்லையேல் கடலில் விழுந்து சாவேன் என்று சொல்லிவிட்டுப் போனதாகச் சொல்வார்கள். அந்த நேரத்தில் வீட்டில் மகன் உலகநாதனுக்கு உடம்பு சரியில்லை. மீனாட்சி அம்மாளுக்கு நிறைமாதம். ஊருக்கு வந்துவிட்டுப் போகும்படி சொல்லி அனுப்பியும் அவர் வரவில்லை, கடவுள் பார்த்துக்கொள்வார் என்று பதில் சொல்லிவிட்டார் என அவருடைய வாழ்க்கை வரலாறுகள் எழுதுகின்றன. தியாகத்துக்கு எடுத்துக்காட்டாக இதைப் பள்ளிக்கூடப் பாடம் வரை கொண்டுபோய்விட்டோம். எனக்கு அந்தப் பதிலை வாங்கிக்கொண்ட பக்கத்தின் மேல்தான் கவனம் போகிறது. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளை, வயிற்றில் ஒரு பிள்ளை, கையில் இப்படி ஒரு பதில். காலியா, லாவோ என்ற கப்பல்கள் 1907இல் தூத்துக்குடிக் கடலில் வந்து நின்றபோது ஊர் திரண்டு ஆர்ப்பரித்தது. அந்தக் கப்பல்களின் விலையில் ஒரு பங்கை அந்த வீட்டுப் பெண் கட்டியிருந்தார். பங்குதாரர் பட்டியலில் அது ஏறாது.

இனி வழக்கு. செஷன்ஸ் நீதிபதி ஏ.எஃப். பின்ஹே 1908 ஜூலை 7இல் தீர்ப்புச் சொன்னார். ராஜதுரோகத்துக்கு ஓர் ஆயுள், சுப்பிரமணிய சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு இன்னோர் ஆயுள், இரண்டும் தீவாந்திரம். நாற்பது வருஷம் என்று நாடு பேசியது. ஹைகோர்ட் அதே ஆண்டு நவம்பரில் ஆறு ஆண்டாகக் குறைத்தது. லண்டனில் இந்தியா மந்திரியாக இருந்த ஜான் மார்லிக்கே பின்ஹேயின் தண்டனை பொறுக்கவில்லை. இத்தனை கொடூரத்துக்குத் தன்னால் வக்காலத்து வாங்க முடியாது என்ற தொனியில் வைஸ்ராய் மின்டோவுக்கு எழுதினார். அந்தக் கடிதம் கப்பலேறி வந்ததால் திருநெல்வேலியில் யார் வீட்டிலும் அடுப்பு எரியவில்லை என்பது வேறு விஷயம்.

வீட்டில் அந்தத் தீர்ப்பு உடனே ஒருவரைப் பலிகொண்டது. தம்பி மீனாட்சிசுந்தரம் தீர்ப்பைக் கேட்டுச் சித்தம் கலங்கிப் போனார். பிறகு தெளியவே இல்லை. அண்ணன் கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கிழுத்தார், கைத்தோல் உரியச் சணல் கிழித்தார். தம்பி வெளியே இருந்தும் இல்லாதவரானார். சம்பாதிக்கிற இரண்டு கைகள் ஒரே வருஷத்தில் போய்விட்ட குடும்பம் அது. வயதான தந்தை இருக்கிற சொத்தை வழக்குக்கும் மேல்முறையீட்டுக்கும் செலவழித்துக்கொண்டிருந்தார்.

சிறையிலிருந்து கடிதம் எழுதுவது நினைத்தபோது கால் அணாக் கார்டு வாங்கி எழுதிப் போடுகிற காரியம் இல்லை. எத்தனை கடிதம், எப்போது என்பதைச் சிறை விதி தீர்மானிக்கும். போகிறதும் வருகிறதும் அதிகாரி கண்ணில் பட்டுத்தான் ஆக வேண்டும். வ.உ.சி. அங்கிருந்து பெற்றோருக்கும் மனைவிக்கும் உறவினருக்கும் நண்பர்களுக்கும் செய்யுளில் எழுதினார். பெரும்பாலும் வெண்பா. 1915இல் அவர் வெளியிட்ட ‘பாடற்றிரட்டு’ நூலைப் புரட்டினால் சிறைக்குப் போகும் முன் பாடியவை ஒரு பாகம், சிறையில் பாடியவை இன்னொரு பாகம். அந்த இரண்டாம் பாகத்தைக் கவிதைத் தொகுதி என்று படிப்பதை விட ஒரு குடும்பத்தின் தபால் கட்டு என்று படிப்பது பொருத்தம். நலம் விசாரிக்கிறார், ஆறுதல் சொல்கிறார், உதவி கேட்கிறார், நன்றி சொல்கிறார்.

கவிதை என்ற அளவில் அவற்றில் பல சுமார்தான். யாப்பு தட்டாது, ஆனால் பாரதி பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒன்றும் இல்லை. வ.உ.சி.யும் அப்படிப் பார்க்கச் சொல்லவில்லை. ஏன் வெண்பா என்று யோசித்தால் எனக்குத் தோன்றுவது இது. அந்தக் காலத்துத் திருநெல்வேலிப் படித்த வீடுகளில் சீட்டுக்கவி எழுதுவது நெடுநாளைய பழக்கம். பொருள் வேண்டி வள்ளலுக்குப் புலவர் எழுதுகிற கடிதம் செய்யுளில்தான் இருக்கும். வ.உ.சி. சிறைக்குப் போகும் முன் அப்படிப்பட்ட சீட்டுகளை வாங்கிப் பொருள் கொடுத்த பக்கத்தில் இருந்தவர். இப்போது கேட்கிற பக்கத்துக்கு வந்துவிட்டார். வெறும் உரைநடையில் ‘பணம் இல்லை, அனுப்புங்கள்’ என்று எழுதக் கூசுகிற கைக்கு, நான்கு அடியும் எதுகையும் ஒரு மரியாதையைக் கொடுத்தன. இன்னொன்று, செய்யுளை மனதில் வைத்துக்கொள்ளலாம். காகிதம் தொலைந்தாலும், அதிகாரி பிடுங்கிக்கொண்டாலும், விடுதலையான பிறகு உட்கார்ந்து திரும்ப எழுதிவிட முடியும். அன்றாட உரைநடைக் கடிதம் அப்படி மீளாது.

கோவையில் அவருக்கு வாய்த்த துணையும் ஒரு வக்கீல்தான். பின்னாளில் பெரிய புராணத்துக்குப் பேருரை எழுதிய சி.கே. சுப்பிரமணிய முதலியார். சிறைக்குப் போய்ப் பார்த்து, வேண்டியதைச் செய்து, வெளியிலிருந்து செய்தி கொண்டுபோனவர். தூத்துக்குடியிலிருந்து வந்து சிறைக்குப் பக்கத்திலேயே காத்துக்கிடந்த இன்னொருவர் பரலி சு. நெல்லையப்பர். வ.உ.சி. அகவலில் எழுதிய சுயசரிதை அவர் மறைந்து பத்தாண்டு கழித்து, 1946இல், இந்த நெல்லையப்பர் முயற்சியில்தான் அச்சேறியது. தபால்காரர் போகாத இடத்துக்கு இவர்கள் தபால்காரராக இருந்தார்கள்.

1910 இறுதியில் வ.உ.சி.யைக் கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றினார்கள். அங்கே இருக்கும்போதுதான் 1911 ஜூன் 17இல் மணியாச்சியில், கொடைக்கானலில் இருந்த பிள்ளைகளைப் பார்க்க மனைவியோடு ரயிலில் போய்க்கொண்டிருந்த கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டார். சுட்டவரின் சட்டைப் பையிலும் ஒரு கடிதம் இருந்தது. அது யார் வீட்டுக்கும் எழுதியதில்லை. கண்ணனூரில் வ.உ.சி. ‘மெய்யறம்’ எழுதினார். மாணவரியல், இல்வாழ்வியல், அரசியல், அந்தணவியல், மெய்யியல் என்று ஐந்து இயல். மனைவி மக்களை விட்டு நூற்றுக்கணக்கான மைல் தள்ளிப் பூட்டி வைக்கப்பட்ட ஒருவர், சக கைதிகளுக்கு இல்வாழ்வியல் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

இங்கே வாசகர்கள் அனுமதித்தால் ஒரு கடல் தாண்டிப் போய் வருகிறேன். அமெரிக்கக் குடியரசு பிறந்த காலத்திலும் ஒரு வக்கீல் வீட்டுத் தபால் உண்டு. மாசசூசெட்ஸ்காரர் ஜான் ஆடம்ஸ். 1770இல் பாஸ்டனில் கூட்டத்தின் மேல் சுட்ட ஆங்கிலச் சிப்பாய்களுக்காகவே கோர்ட்டில் நின்றவர். பிறகு அந்த ஆங்கில ஆட்சியையே எதிர்த்து, பின்னாளில் நாட்டின் இரண்டாவது ஜனாதிபதி ஆனவர். அவரும் மனைவி அபிகெய்லும் எழுதிக்கொண்ட கடிதங்களில் 1,100க்கு மேல் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. 1774இல் ஆங்கில அரசு பாஸ்டன் துறைமுகத்தை மூடியது. சரக்கு வருவது நின்றது. அடுத்த ஆண்டு கணவர் பிலடெல்பியாவில் காங்கிரஸ் கூட்டத்தில் இருக்கும்போது, வீட்டிலிருந்து அந்த அம்மாள் எழுதுகிறார்: குண்டூசி கிடைக்கவில்லை, ஒரு கட்டு வாங்கி அனுப்புங்கள். பெரிய போராட்டம் ஒரு வீட்டுக்குள் எப்படி நுழைகிறது என்பதற்கு அந்தக் குண்டூசியை விட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

ஆனால் ஆடம்ஸ் வீட்டாருக்கு ஒரு வசதி இருந்தது. ஜெயிக்கிற பக்கத்தில் இருந்தார்கள். தாங்கள் எழுதுவது நாளைக்குச் சரித்திரம் என்ற எண்ணம் இருந்தது. 1776இல் ஜான் ஆடம்ஸ் தன் கடிதங்களுக்கு நகல் எடுத்து வைப்பதற்கென்றே ஒரு பேரேடு வாங்கினார். பிள்ளை, பேரன் என்று அந்தக் குடும்பமே காகிதத்தைக் காத்தது. நம் வக்கீல் வீட்டில் காகிதம் காப்பதற்குப் பெட்டி வேண்டும், பெட்டி வைக்க நிலையான வீடு வேண்டும். ஒட்டப்பிடாரம், தூத்துக்குடி, கோவை, சென்னை, மறுபடி கோவை, கோவில்பட்டி, மறுபடி தூத்துக்குடி என்று வாடகை வீடுகளில் அலைந்த குடும்பம் அது. ஆ. இரா. வேங்கடாசலபதி என்ற பதினேழு வயதுப் பையன் முனைந்து தேடித் தொகுத்து, 1984இல் ‘வ.உ.சி. கடிதங்கள்’ என்று நூலாக்கினார். அப்போது வ.உ.சி. மறைந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டு. பல்கலைக்கழகங்கள், அரசு, கட்சிகள் எல்லாம் இருந்தும் ஒரு பள்ளிப் பருவத்துப் பையன் வந்துதான் அதைச் செய்ய வேண்டியிருந்தது என்பதை இங்கே பதிந்து வைக்கிறேன்.

1912 டிசம்பர் 24இல் விடுதலை. ஊர் திரண்டு வரவில்லை. கப்பல் கம்பெனி அதற்குள் கலைக்கப்பட்டுவிட்டது. தண்டனை பெற்றவர் என்பதால் வக்கீல் தொழில் செய்ய முடியாது. குடும்பத்தோடு சென்னையில் குடியேறி, சிறு வியாபாரங்கள் செய்து பார்த்தார். ஒன்றும் கை கொடுக்கவில்லை. புத்தகம் போட்டார். 1914இல் ‘மெய்யறம்’, ஜேம்ஸ் ஆலன் நூலின் மொழிபெயர்ப்பான ‘அகமே புறம்’, 1915இல் ‘பாடற்றிரட்டு’. தமிழ்ப் புத்தகம் போட்டுக் குடும்பம் நடத்தலாம் என்று எண்ணியவர்களின் வரிசை நீளமானது. அதில் இவரும் ஒருவர்.

இந்த நிலையில்தான் 1915 ஏப்ரல் 17இல் காந்தி சென்னை வருகிறார். தம்புச் செட்டித் தெருவில் பதிப்பாளர் ஜி.ஏ. நடேசன் வீட்டில் தங்குகிறார். தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பி நான்கு மாதம்கூட ஆகவில்லை. இன்னும் மகாத்மா என்று ஊர் அழைக்கத் தொடங்காத காந்தி. வ.உ.சி. பார்க்க வேண்டும் என்று எழுதுகிறார். காலை ஆறு மணிக்கு வந்தால் சில நிமிஷம் பேசலாம் என்று பதில் வருகிறது. வ.உ.சி. எழுதிய மறுமொழியைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது: நான் பேச வேண்டியது சில நிமிஷத்தில் முடியாதே! அடக்கமான வார்த்தைகள்தான். ஆனால் உள்ளே ரோஷம் நெளிகிறது. வாய்தா நேரம் போதாது என்று கோர்ட்டில் சொல்லிப் பழகிய ஆள் அல்லவா.

அந்தக் கடிதப் போக்குவரத்தில் காந்தியே பணப் பேச்சை எடுக்கிறார். தென்னாப்பிரிக்காவில் உங்களுக்கென்று திரட்டியது வந்து சேர்ந்ததா? சேரவில்லை. அதற்கு வ.உ.சி. எழுதிய பதில்தான் இந்த அத்தியாயத்தின் மையம் என்று நினைக்கிறேன். கடந்த இரண்டு ஆண்டுகளாகத் தானும் குடும்பமும் தென்னாப்பிரிக்க நண்பர்கள் அனுப்புவதைக் கொண்டுதான் வாழ்ந்து வருவதை மறைக்காமல் சொல்கிறார். இந்தச் சூழ்நிலையில் அந்தப் பணம் வேண்டாம் என்று சொன்னால் தனக்கும் தன் குடும்பத்துக்கும் தவறு இழைத்தவன் ஆவேன் என்கிறார்.

வேறு யாராக இருந்தாலும் ‘தேசத்துக்கே பயன்படுத்துங்கள்’ என்று ஒரு வரி எழுதியிருப்பார்கள். பார்க்க அழகாக இருக்கும். மேற்கோள் காட்ட வசதியாக இருக்கும். வீட்டில் அரிசி இருக்காது. பம்பாயிலிருந்து ‘கடவுள் பார்த்துக்கொள்வார்’ என்று சொல்லிவிட்ட அதே மனிதர்தான் இப்போது வேறு மாதிரி எழுதுகிறார். சிறை அவரிடம் செய்த வேலைகளில் இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1907இல் குடும்பத்தை ஒதுக்கி வைத்துவிட்டுப் போக முடிந்தது, பின்னால் சொத்து இருந்தது, தந்தை இருந்தார், தம்பி இருந்தார். 1915இல் மனைவி மக்களுக்கு அவரை விட்டால் ஆள் இல்லை.

பிறகு மாதக்கணக்கில் இழுத்தது. யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற கணக்குக் காந்தியிடம் கையோடு இல்லை. தென்னாப்பிரிக்காவுக்கு எழுதிக் கேட்க வேண்டியிருந்தது. முதல் உலகப் போர் நடக்கிற காலம். கடல் தபால் தன் வேகத்தில்தான் வரும். வ.உ.சி. நினைவூட்டுகிறார், மறுபடி நினைவூட்டுகிறார். மரியாதை குறையவில்லை, விட்டுக்கொடுக்கவும் இல்லை. கட்சிக்காரனுக்குச் சேர வேண்டிய டிகிரிப் பணத்தை விடாமல் கேட்டு வாங்குகிற பிளீடரின் கை அது. இந்த வழக்கில் கட்சிக்காரர் மீனாட்சி அம்மாளும் பிள்ளைகளும். கடைசியில் 1916 தொடக்கத்தில் பணம் வந்தது. வந்த சேதியை நண்பர் ஒருவருக்கு எழுதும்போது ஏதோ ‘நல்ல தொகை’ என்றோ ‘முந்நூற்றுச் சொச்சம்’ என்றோ எழுதாமல் ரூபாய் 347, அணா 12, பை 0 என்று முழுசாகவே எழுதினார். வேங்கடாசலபதி இந்தக் கடிதங்களைப் பற்றி எழுதிய நூலின் தலைப்பிலேயே அந்தத் தொகை இருக்கிறது.

காந்தி தாமதம் செய்தார், பணத்தை அமுக்கிவிட்டார் என்றெல்லாம் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். கடிதங்கள் அந்தப் பேச்சுக்கு இடம் தரவில்லை. கணக்கில் கறாரான ஒருவருக்கும் கணக்கில் கறாரான இன்னொருவருக்கும் நடந்த பரிமாற்றம் அது. ஒருவருக்குக் கொடுத்தவர் விவரம் தெரியாமல் கொடுக்க மனம் வரவில்லை. இன்னொருவருக்கு நாளை அடுப்பு எரிய வேண்டும்.

சன்னது திரும்பக் கிடைத்ததற்கும் ஒரு வெள்ளைக்காரர் காரணம். திருநெல்வேலியில் பணியாற்றியபோது வ.உ.சி.யை அறிந்திருந்த ஈ.எச். வாலஸ், பின்னாளில் உதவி செய்து, பிளீடர் உரிமையை மீட்டுக் கொடுத்தார். வ.உ.சி. நன்றியைக் கடிதத்தில் எழுதியதோடு நிற்கவில்லை. கடைசி மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். தாத்தா பெயர், சாமி பெயர் என்று போன வீட்டு வரிசையில் ஒரு துரையின் பெயர் சைவத் திருநாமம் போலத் திரிந்து வந்து உட்கார்ந்துகொண்டது. ஆங்கிலேயக் கப்பலை எதிர்த்த வீட்டில், ஆங்கிலேயர் பெயரில் ஒரு பிள்ளை. அந்த வீட்டாருக்கு இதில் முரண்பாடு எதுவும் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

கோவில்பட்டியில் சில ஆண்டு வக்கீல் தொழில். 1932இல் தூத்துக்குடிக்கே திரும்பினார். அவர் விட்டுப்போன துறைமுகம் மாறியிருந்தது. பழைய கப்பல் தொழிலாளர்களில் பலர் இல்லை. வருமானம் அதிகமில்லை, ஆனாலும் வையாபுரிப் பிள்ளையோடு சேர்ந்து தொல்காப்பிய இளம்பூரணத்தைப் பதிப்பிக்கிற வேலையை விடவில்லை.

1961இல் பி.ஆர். பந்துலு எடுத்த ‘கப்பலோட்டிய தமிழன்’ படத்தைத் தூத்துக்குடித் திரையரங்குகளில் பார்த்தவர்கள் இன்றும் ஊரில் இருக்கிறார்கள். சிவாஜி செக்கிழுக்கும் காட்சியில் அரங்கமே அழுததைச் சொல்வார்கள். (அதே 1961இல்தான், 1955 முதல் தொடர்ந்து நடந்துவந்த இங்குள்ள முத்துக்குளிப்பும் ஓய்ந்தது, அதைப் பற்றி உரிய இடத்தில்.) அந்தப் படத்தில் மளிகைக் கடன் வராது, நினைவூட்டுக் கடிதம் வராது. சினிமாவைக் குறை சொல்லவில்லை. மூன்று மணி நேரத்தில் அதற்கு இடம் கிடையாது. ஆனால் அந்தப் படமே நமக்குச் சரித்திரமாகிப் போனதில் கடிதங்களுக்குச் சொந்தக்காரரான வக்கீல் காணாமல் போனார்.

1936 நவம்பர் 18இல் தூத்துக்குடியில் வ.உ.சி. காலமானார். அதற்கு முன் எழுதி வைத்த உயிலில் சொத்து விவரத்தை விடக் கடன் விவரம்தான் கூடுதல். எண்ணெய்க் கடைக்கு இவ்வளவு, ஜவுளிக் கடைக்கு இவ்வளவு என்று யார் யாருக்கு என்ன பாக்கி என்பதைத் தனித்தனியாக எழுதியிருக்கிறார். தனக்குப் பின் மனைவி மக்கள் கடைக்காரர் வாயில் விழக்கூடாது, கடைக்காரரும் ஏமாறக்கூடாது. அத்தனை கடைகளின் பெயரையும் பாக்கியையும் அந்த உயிலில் பார்த்த பிறகு, ரூ. 347-12-0இல் அணாவை ஏன் விடாமல் எழுதினார் என்று நான் யோசிப்பதில்லை.

அடுத்த இதழில்: 1914 பிப்ரவரியில் தனுஷ்கோடி – தலைமன்னார் வழி திறந்ததும், கொழும்புத் தபாலும் போட் மெயிலும் தூத்துக்குடியைக் கைவிட்டுப் போன கதை.

(தொடரும்)